டிபிஎம்எஸ் மாட்டுகிறீர்களா? மலையேறும் ஜீப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயரின் காற்றழுத்தத்தை அளந்து வண்டிக்குள் இருக்கும் திரையில் காட்டும் கருவிதான் டிபிஎம்எஸ். அதன் புது சென்சாரை வால்வுகளில் மாட்டி, குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறி இறங்கிய மறுநாள் காலை, என் ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று தரையோடு படுத்திருந்தது. ஆணிதான் என்று நினைத்து, சக்கரத்தைக் கழற்றிக் கோரிமேட்டில் ஒரு பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயரில் ஒன்றுமில்லை. குமிழி கிளம்பியது வால்வு முனையில். "அண்ணா, காத்து போனா சொல்றதுக்கு மாட்டுன மிஷினே காத்த விடுது" என்றார்.

அன்றுதான் புரிந்தது. வால்வின் மேல் இருக்கும் சாதாரண மூடி தூசிக்குத்தான் முக்கியமாக. காற்றைப் பிடித்து வைப்பது வால்வுக்கு உள்ளே இருக்கும் ஊசி போன்ற பின். வெளியே திருகும் சென்சார் அந்தப் பின்னை அழுத்தித் திறந்தால்தான் அழுத்தத்தை அளக்க முடியும். ஆக, சென்சாரைத் திருகிய நிமிடம் முதல் டயரின் காற்றைக் காப்பது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் ஒன்றுதான். அதில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், விடிவதற்குள் கதை முடிந்துவிடும். நான் சேறு ஒட்டிய மரையைத் துடைக்காமலே திருகியிருந்தேன். ஐந்து நிமிட வேலைதானே என்ற நினைப்பு.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சென்சாரைக் கையாலேயே இறுக்குங்கள். பிளையர் போட்டால் வாஷர் நசுங்கும். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவிப் பத்து நிமிடம் பொறுங்கள். குமிழி இல்லையென்றாலும் மறுநாள் காலை ஒருமுறை அளவைப் பாருங்கள்.

அடுத்தது வால்வு. வெளி சென்சார் ஒன்று சுமார் 10 கிராம்தான் இருக்கும். ஆனால் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, 16 அங்குல ரிம்மில் அந்தப் பத்து கிராம் வால்வை முக்கால் கிலோ போல வெளிப்பக்கம் இழுக்கும். பழைய ரப்பர் வால்வு அடிப்பக்கம் வளைந்து வளைந்து வெடிப்பு விடுவது இதனால்தான். சென்சார் வாங்கும்போதே உலோக வால்வுக்கு மாறிவிடுவது நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினிய வால்வில் பித்தளை மரை உள்ள சென்சாரைத் திருகி மாதக்கணக்கில் விட்டால், மழையிலும் மலைப்பனியிலும் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது வால்வே உடைந்து வரும். இரண்டும் ஒரே உலோகமாகப் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

திருட்டுக்குப் பயந்து, சென்சாரைக் கையால் கழற்ற முடியாதபடி பூட்டு நட் போடுகிறார்கள். டவுனுக்குள் நிறுத்தி வைக்கும் காருக்குச் சரி. காட்டுப் பாதையில் ஒவ்வொரு முறை காற்றைக் குறைக்கவும் ஏற்றவும் அந்தக் குட்டி ஸ்பானரைத் தேட வேண்டும். அது வீட்டில் மேஜை டிராயரில் இருக்கும். நான் போடுவதில்லை.

எஸ்டேட் ரோட்டில் பாறை உரசி வால்வோடு சென்சார் பிய்ந்து போவதும் நடக்கும். மாதம் இரண்டு முறையாவது பாறை ஏறுகிறவர் என்றால் ரிம்முக்கு உள்ளே பொருத்தும் சென்சாரே மேல். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை காப்பித் தோட்டத்து மண்பாதையில் போகிறவருக்கு வெளி சென்சார் போதும். உள் சென்சார் போட்டால் டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் நெம்புகோல் விழுந்தால் சென்சார் நொறுங்கும். பஞ்சருக்காக உள்ளே ஊற்றும் திரவமும் அதன் துளையை அடைத்துவிடலாம். இன்னொன்று: உள் சென்சார்கள் பல, சக்கரம் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் அடிக்கடி செய்தி அனுப்பும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது திரையில் நிற்பது கொஞ்ச நேரத்துக்கு முந்தைய எண்ணாக இருக்கலாம். அதை நம்பிப் பாறையில் சக்கரத்தை வைக்காதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது அளவு வைப்பதில்தான். அளவை எப்போதும் குளிர்ந்த டயரில், காலையில் வண்டி எடுக்கும் முன் வையுங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதே அடிப்படை. ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவாக நிற்கும்.

ஏற்காடு விஷயத்தில் இன்னொரு குழப்பம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1500 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், இந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ. அதனால் வால்வில் வைத்து அழுத்தம் பார்க்கும் சாதாரண கை கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர். வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் டயருக்குள் ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். கூடியதும் குறைந்ததும் ஒன்றை ஒன்று ஈடு செய்ய, காலையில் ஏற்காட்டில் கை கேஜ் ஏறக்குறைய சேலத்து எண்ணையே காட்டும். சில சென்சார்கள் அப்படியல்ல. அவை உள்ளழுத்தத்தை முழுசாக அளந்து, கடல் மட்டத்துக்கான 14.7-ஐக் கழித்துத் திரையில் போடுகின்றன. வெளிக்காற்று அங்கே மெலிந்திருப்பது அவற்றுக்குத் தெரியாது. 32 இருக்கும் டயருக்கு 29, 30 என்று காட்டும். பதறிப்போய் மேலேயே 3 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு, சேலத்து மத்தியான வெயிலுக்கு இறங்குகிறவர்கள் உண்டு. உங்கள் சென்சார் எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி எளிது: வீட்டில் ஒருமுறை, மேலே ஒருமுறை கை கேஜோடு ஒப்பிடுங்கள்.

வெப்பநிலை எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளி சென்சார் காட்டுவது வால்வு முனையின் சூட்டை, அதுவும் காற்று பட்டு ஆறியதை; டயரின் சூட்டை அல்ல. ஆனாலும் இறக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றைவிட நன்றாக ஏறி நின்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்தச் சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் ஒட்டிப் பிடித்திருக்கக்கூடும்.

சின்னச் சின்னத் தவறுகள் வேறு. சக்கரங்களை இடம் மாற்றிவிட்டு சென்சாரை மாற்றி மாட்டாமல் விடுவது. அப்புறம் முன் இடது என்று அது கத்த, காற்று போவது பின் இடதில். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்குச் சென்சாரே போடாதது. மலிவான யுஎஸ்பி சார்ஜர் பக்கத்தில் திரையை வைத்து, சிக்னல் வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது. சோலார் திரையை மே மாதம் டேஷ்போர்டிலேயே விட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவதும்தான். உள்ளே இருக்கும் பேட்டரி உப்பிவிடும்.

கடைசியாக, அலாரம். அமெரிக்க விதிப்படி, சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும்; நம் கைக்கு வரும் கருவிகள் பலவும் ஏறக்குறைய அந்த வழக்கத்தில்தான் வருகின்றன. 32 வைத்தால் 24-இல் கத்தும். மண்பாதையில் பிடிமானத்துக்காக 20-க்கு இறக்குகிறோம், அது விடாமல் கத்துகிறது, எரிச்சலில் சத்தத்தை நிறுத்திவிடுகிறோம். சாயங்காலம் களைப்பில் காற்று ஏற்ற மறந்து அதே 20-இல் தார் ரோட்டுக்கு வருகிறோம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறும், முரட்டுத்தனமாகத் திருப்பினால் ரிம்மை விட்டே நழுவலாம். சொல்ல வேண்டிய கருவி அப்போது ஊமையாக உட்கார்ந்திருக்கும். சத்தத்தை நிறுத்தாமல், காட்டுக்கு என்று எச்சரிக்கை அளவை 16-க்கு மாற்றி வையுங்கள். நான் காற்றடிக்கும் கம்ப்ரசரின் ஒயரை ஸ்டியரிங்கில் சுற்றிப் போட்டுவிடுவேன். அதை எடுக்காமல் வண்டியைத் திருப்ப முடியாது.