மலை இறக்கத்தில் கியர்பாக்ஸ் சூட்டை அடக்குவது எப்படி: வீடாக மாற்றிய பேருந்து ஓட்டுபவர்களுக்கு

ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும் என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் இறங்கும்போது கியர்பாக்ஸ் ஆயில் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டிச் சூடேறும் என்பதைப் பலரும் முதல் பெரிய இறக்கத்தில்தான் அறிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் அறிந்தேன். மேலே ஏறி முடிக்கும்வரை 90 டிகிரி செல்சியஸில் நின்றிருந்த முள், இறங்கத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் 120-ஐ நெருங்கியது. வண்டியின் வேகத்தைத் தணிக்கும் கருவியான ரிடார்டரின் நெம்புகோலை, முழு பலம் தரும் கடைசி நிலையிலேயே விட்டிருந்தேன். எஞ்சினோ உயர் கியரில் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் சோம்பிக் கிடந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த முள் ஏறாமல் இருக்க வழியில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 டன் எடையுள்ள பேருந்து 600 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 7 கோடி ஜூல் ஆற்றல் எங்கேனும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 6 சதவீதச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், டயர் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் விழுங்கியது போக, ஏறக்குறைய 60 கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து கையாள வேண்டியிருக்கும். அதே சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது ஏறக்குறையப் பாதியாகும். மொத்த வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. அது வெளியேறக் கிடைக்கும் நேரம்தான் இரட்டிப்பாகிறது. ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் முடியும் என்ற எல்லை உண்டு என்பதால், இறங்கும் வேகத்தை உச்சியிலேயே முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் பாதி வேலை.

அந்த வெப்பம் போக மூன்று வழிகள் உண்டு. பிரேக் டிரம்கள் ஒன்று. வண்டியைத் தடுக்கும் எஞ்சினின் இழுவையும், புகை வெளியேறும் வழியை அடைத்து அந்த இழுவையைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் மற்றொன்று; அதில் பெரும்பங்கு புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டோடும் வெளியே போய்விடுகிறது. மூன்றாவது ரிடார்டர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைந்து வரும் ரிடார்டர், இறக்கை கொண்ட சுழலியை ஆயிலுக்குள் சுழலவிட்டு வண்டியின் வேகத்தை நேரடியாக ஆயில் சூடாக மாற்றுகிறது. அந்த ஆயில் கூலருக்குள் போய்ச் சூட்டைக் கூலன்ட்டிடம் கொடுக்கிறது. கூலன்ட் அதை ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் ஆயில் பம்பு, தண்ணீர்ப் பம்பு, எஞ்சின் சுழற்றும் விசிறி ஆகிய மூன்றும் மெதுவாகவே ஓடும். சூடு அதிகம் பிறக்கும் அந்த நேரத்தில் அதை அள்ளிச் செல்பவை எல்லாம் சோர்ந்திருக்கும். இறக்கத்துச் சூட்டின் சூட்சுமம் இதுதான்.

ஆகவே கீழ் கியரைச் சரிவு தொடங்குவதற்கு முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். உற்பத்தியாளர் அனுமதிக்கும் உச்சச் சுற்றுக்குச் சற்றுக் கீழே எஞ்சினை வைத்திருக்கும் கியர் எதுவோ அதுவே சரியான கியர். எஞ்சின் இரைகிறதே என்று பயந்து மேல் கியருக்கு மாற வேண்டாம். எரிபொருள் போகாமல் சக்கரங்களால் சுழற்றப்படும் எஞ்சின், வரம்புக்குள் இருக்கும்வரை, அந்த இரைச்சலால் கெடுவதில்லை. ஆனால் வரம்பைத் தாண்டினால் பல ஆட்டோமேட்டிக்குகள் எஞ்சினைக் காக்கத் தாமாகவே மேல் கியருக்குப் போய்விடும். அப்படி நேர்ந்தால் வண்டி வேகம் பிடிக்கும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியரும் ஏற்காது.

எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப்பை, அதாவது இரண்டையும் நேரடியாகப் பூட்டும் கிளட்சைக் கவனியுங்கள். லாக்-அப் பிடித்திருக்கும்போது சக்கரமும் எஞ்சினும் நேரடியாகப் பிணைந்திருப்பதால், எக்ஸாஸ்ட் பிரேக்கின் பலன் முழுதாகக் கிடைக்கும், ஆயிலும் வீணாகக் கடையப்படாது. கியர் மாறாமலேயே, எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் திடீரெனச் சில நூறு சுற்றுகள் சரிந்தால், லாக்-அப் விட்டுவிட்டது என்று பொருள். சற்றே கீழ் கியருக்கு வந்தாலோ வேகத்தைச் சிறிது கூட்டினாலோ அது மீண்டும் பிடிக்கலாம். பழைய பள்ளிப் பேருந்துகளில் காணப்படும் அல்லிசன் நிறுவனத்தின் ஏடி 545 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் லாக்-அப்பே கிடையாது. அந்த வண்டியில் எஞ்சின் இழுவையை நம்பாமல், இன்னும் மெதுவாக இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதை முதலில் பயன்படுத்தி, போதாததற்கு மட்டும் ரிடார்டரை இடைவெளி விட்டு விட்டுப் போடுவது நல்லது. ரிடார்டரைத் தொடர்ந்து முழுநிலையில் வைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பல கியர்பாக்ஸ்களில் கட்டுப்பாட்டுக் கருவி ரிடார்டரின் பலத்தைத் தானாகக் குறைத்துவிடும். நீங்கள் அதிகம் நம்பியிருக்கும் வளைவில் அது கைவிடலாம். ஈரமான, வழுக்கும் சாலையில் அதை அணைத்துவிடுங்கள்; பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால் வண்டியின் பின்புறம் சறுக்கும். கால் பிரேக்கை இலேசாகத் தொடர்ந்து மிதிப்பதற்குப் பதிலாக, முடிவு செய்த வேகத்தை எட்டியதும் உறுதியாக மிதித்து, மணிக்கு 8 கிலோமீட்டர் அளவு குறைந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

சூடுமானியின் உணரி எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள உணரி தாமதமாகச் சொல்லும். ரிடார்டரிலிருந்து வெளியேறும் ஆயில் அதைவிட மிகவும் சூடாக இருக்கும். அல்லிசன் கையேடுகள் தரும் எல்லைகள் சம்ப்பில் 121, கூலருக்குப் போகும் குழாயில் 149, ரிடார்டர் வெளியேற்றத்தில் 165 டிகிரி. நான் சம்ப்பில் 105-ஐக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். எல்லைவரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

முள் எல்லையைத் தொட்டுவிட்டால், பாதுகாப்பான சமதளத்தில் ஒதுங்கி, நியூட்ரலில் எஞ்சினை 1,200 முதல் 1,500 சுற்றில் ஓடவிடுங்கள். எஞ்சினை அணைத்தால் பம்புகளும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோளாறு கூலரிலோ கூலன்ட்டிலோ விசிறியிலோ இருக்கிறது. டிரம்கள் கொதித்திருந்தால் பார்க்கிங் பிரேக்கை இழுக்காமல் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு நிறுத்துங்கள்.

வீடாக மாற்றிய வண்டிக்கென்று சில தனிக் கவலைகள் உண்டு. 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றே 400 கிலோ. மரச்சாமான்களும் பேட்டரிகளும் சேர்ந்த எடையை ஊகிக்காமல் எடைமேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் நாம் பொருத்தும் பெட்டிகளும், சத்தம் குறைக்க எஞ்சின் அறையைச் சுற்றி ஒட்டும் பஞ்சுப் பலகைகளும் ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியை அடைத்துவிடக்கூடும். விசிறியைக் கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்றை வைத்து, இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுவது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. கூடுதல் கூலர் வைக்க நினைப்பவர்கள், ரிடார்டர் வழியாக ஓடும் ஆயிலின் அளவு பெரிது என்பதை மறக்க வேண்டாம். குறுகிய குழாய் கொண்ட சிறிய கூலரை அந்த வழியில் இணைத்தால் ஓட்டம் தடைபட்டுச் சூடு கூடும்.

கீழே வந்து சேர்ந்ததும் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, கையேடு சொல்லும் முறையில் டிப்ஸ்டிக்கை எடுத்து, ஒரு துளியை வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் ஆயிலை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் கூலர் உள்ளே ஓட்டை விழுந்து கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கக்கூடும். அது கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் படலத்தை அழித்துவிடும் என்பதால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இழுவை வண்டியை வரவழையுங்கள்.