வீட்டில் ஓவிய அறை: சுவரை உடைக்க முன் கொஞ்சம் பொறுங்கள்

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில், படம் கீறப் பழகும் ஒரு தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். பின் அறையை ஓவிய அறையாக்கப் போகிறாளாம். வடக்குச் சுவரில் யன்னல் வைக்கக் கரித்துண்டால் ஐந்தடி அகலத்துக்குப் பெட்டி கீறியிருந்தது. விடிந்தால் மேசன் வந்துவிடுவார்.

"வடக்கு வெளிச்சம்தானே படம் கீற நல்லம் எண்டு சொல்லுறாங்க அக்கா."

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் இதையே நம்பித்தான் நானும் என் வீட்டு வடக்குச் சுவரை உடைத்தேன்.

பிறஷைக் கழுவாமல் விடுவது, மேசையில் சாமான் குவிப்பது எல்லாம் தானாகவே திருந்திவிடும். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வடக்கு யன்னல்

இந்த அறிவுரை ஐரோப்பிய ஓவியர்களுடையது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானில்தான் நிற்கும். அதனால் வடக்கு யன்னலால் சீரான வெளிச்சம் வரும். திருகோணமலையோ நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும். ஓகஸ்ட் கடைசி வரை அங்கேதான்.

நடுப்பகல் வெயில் சமாளிக்கக்கூடியது. யூன் மாதத்திலும் அது ஏறக்குறைய 75 பாகை உயரத்தில் நிற்பதால் இரண்டடி சன்சேட் மறைத்துவிடும். கெடுப்பது காலையும் பின்னேரமும்தான். அந்த நாட்களில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து இருபது பாகைக்கு மேல் வடக்கே தள்ளி உதிக்கும். வெயில் பக்கவாட்டில் சரிந்து உள்ளே வரும். சன்சேட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

என் அறையில் அந்தச் சாய்வெயில் விழும் இடத்தில் ஒரு செம்பரத்தம்பூப் படம் தொங்கியது. அலிசரின் கிரிம்சன் நீர்வர்ணம், வெயிலுக்கு நிற்காத நிறம். இரண்டு வருடம் கழித்துச் சட்டத்தைக் கழற்றினேன். சட்டம் மூடியிருந்த கால் அங்குல விளிம்பில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் வெளிறிய றோசா.

பிறகு மாரி வந்தது. வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிப்பதும் அதே பக்கம்தான். யன்னல் நிலை ஊறிப் பொருமியது. கீழே வைத்திருந்த கடதாசிக் கட்டில் பழுப்புப் புள்ளிகள். பார்வைக்குச் சின்னப் புள்ளிதான். ஆனால் பூஞ்சணம் பிடித்த இடத்தில் கடதாசியின் பசைப்பூச்சு போய்விடும். வர்ணத்தை இழுத்தால் ஒற்றுத்தாளில் மை ஊறுவது போலப் பரவும். அந்தக் கட்டு முழுவதையும் எறிந்தேன். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

உடைக்க ஒருமுறை, யன்னலின் இரு பக்கமும் ஒன்றரை அடிக்குச் செங்குத்துச் சுவர் நீட்ட இன்னொரு முறை என்று கூலி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அறை அறையாக இருந்தது.

சுவரில் கைவைக்க முன், காலை ஏழு, நடுப்பகல், பின்னேரம் ஐந்து என்று வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள். முற்றத்தில் ஒரு தடியை நட்டு நிழலைக் கவனித்தாலும் போதும். மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை. விறாந்தைக்குள் திறக்கும் யன்னல் இருந்தால் இன்னும் நல்லது. நிலத்தில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் மென்மையானது, மழையும் அடிக்காது. அந்தத் தங்கச்சி வீட்டில் அப்படி ஒரு யன்னல் இருக்கிறது, அலுமாரிக்குப் பின்னால்! அன்றைக்கே மேசனுக்குக் கோல் எடுத்து நிற்பாட்டினோம்.

கடலைப் பார்த்த மேசை

வேண்டாம். கண் கூசும்.

சுவர் நிறம்

மங்கல் வெள்ளை. பச்சைச் சுவர் கடதாசியிலும் பச்சையாகத் தெறிக்கும்.

கடதாசி வைக்கும் இடம்

வெளிச்சுவரில் சாய்க்காதீர்கள். உட்சுவர்ப் பக்கம், நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, படுக்கையாக வையுங்கள். பிளாஸ்ரிக் உறையில் கட்டுவதென்றால் கச்சான் காற்று வீசும் காய்ந்த நாளில் கட்டுங்கள். மாரியில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

எண்ணெய்த் துணி

தைலவர்ணம் கீறுபவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், நெருப்புக்குச்சி இல்லாமலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். நேரமில்லையென்றால் மூடியுள்ள தகர வாளியில் தண்ணீர் விட்டு அமிழ்த்துங்கள். பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் அந்த வாளியை வைக்க வேண்டாம்.