மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தவருக்கு வீட்டில் செய்யக்கூடாதவை

நெஞ்சு வலிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடந்தால் இதயமே நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும்.

எல்லோரையும் ஏமாற்றுவது அந்த மூச்சுதான். இதயம் நின்ற பின்பும் சிலர் வாயைத் திறந்து, விட்டுவிட்டு, குறட்டைபோல் காற்றை இழுப்பார்கள். அது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்; 'மூச்சு இருக்கிறதே' என்று காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. சிலருக்குக் கைகால் லேசாக வெட்டியிழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். (வலிப்புக்கும் அதனால் பயனில்லை.) நாடி பார்க்கவும் முயலாதீர்கள், பதற்றத்தில் நம் விரலின் துடிப்பே அவருடையதாகத் தோன்றும். மூச்சைக் கவனிக்க 10 விநாடி போதும்.

ஆட்டோவில் உட்காரவைத்து இருபுறமும் தாங்கிக்கொண்டு ஓடுவது அடுத்த தவறு. வழி நெடுக மூளைக்கு ரத்தம் போகாது. 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். இன்னொருவர் கேட்டைத் திறந்து லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். தண்ணீர், சோடா, நாக்கடியில் மாத்திரை எதுவும் வாயில் போகக்கூடாது.

கட்டிலில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இதயம் இடப்பக்கம் என்று அங்கே அழுத்துவதும் தவறு. நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அவசரத்தில் வேகம் கூடினால் ஆழம் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். சாய்ந்தபடியே அழுத்தினால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. விலா எலும்பு முறியும் ஓசை கேட்கலாம். நிறுத்த வேண்டாம், எலும்பு கூடிவிடும்.

களைப்பு தெரியாவிட்டாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பயிற்சி இல்லாதவர் பெரியவர்களுக்கு வாயோடு வாய் ஊத வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் ஊதத் தெரிந்தவர் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் கொடுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுகிறார்கள். ஊழியர் அருகில் வந்து 'விடுங்கள்' என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.