'ஒன்றுமே இல்லாதது': யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரபஞ்சம் தோன்றுவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று யோசித்து ஒரு ராத்திரியாவது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. மனசுக்குள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவோம். வீடு, தெரு, பூமி, சூரியன், நட்சத்திரங்கள். கடைசியில் எல்லையில்லாத ஒரு கறுப்பு மிஞ்சும். 'சரி, இதுதான் ஒன்றுமில்லாத நிலை' என்று திருப்தியோடு திரும்பிப் படுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்.

கறுப்பு என்பது ஒரு காட்சி. அது பரந்து கிடக்க இடம் வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். எல்லாவற்றையும் அழித்த நீங்கள் இடத்தையும் உங்களையும் அழிக்க மறந்துவிட்டீர்கள். இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். தலையைத் திருப்பாமல், உங்கள் பின்மண்டைக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். கறுப்பாகத் தெரிகிறதா? இல்லை. கறுப்பாகக்கூடத் தெரியவில்லை; அந்தப் பக்கம் பார்வையே கிடையாது. இருட்டறையில் கண்ணை மூடினால் தெரிவது வேறு: சாம்பல் பூத்த மூட்டம், நடுநடுவே மினுங்கும் புள்ளிகள். வெளிச்சமே படாவிட்டாலும் விழித்திரையின் செல்கள் சும்மா இருப்பதில்லை. காதுக்கும் இதே கதைதான். இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951 வாக்கில் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். முழு அமைதியை எதிர்பார்த்துப் போனவருக்கு இரண்டு ஓசைகள் கேட்டன. இரண்டும் அவர் உடம்பிலிருந்தே வருவதாக வெளியே இருந்த பொறியாளர் சொன்னார்.

மரணத்தைப் பற்றிய பயத்திலும் இந்தத் தவறு ஒளிந்திருக்கிறது. செத்தபின் இருட்டில் தனியாகக் கிடப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படுகிறோம். அப்படிக் கிடக்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் பழங்கால கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் சொன்னது: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. 'ஆழ்ந்த தூக்கத்தில் தினமும் அதை அனுபவிக்கிறோமே' என்பவர்கள் உண்டு. 'நல்லாத் தூங்கினேன், ஒண்ணுமே தெரியல' என்று நாம் சொல்வது விழித்த பிறகு. அது தூக்கத்தின் நினைவா, விழித்தபின் ஊகித்ததா என்று இந்தியத் தத்துவத்தின் இரு பிரிவினரான அத்வைதிகளும் நையாயிகர்களும் நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும், இன்மையைத் தூக்கத்தில் நேரில் கண்டதாகச் சாட்சி சொல்ல யாருக்கும் வழியில்லை.

அடுத்த தவறு கொஞ்சம் படித்தவர்கள் செய்வது: வெற்றிடத்தைக் காட்டி, இதுதான் அது என்பது. வெற்றிடம் இருக்கவே முடியாது என்றார் அரிஸ்டாட்டில். 1643-இல் டாரிசெல்லியின் சோதனையில், பாதரசம் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்ததும் பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கி நின்றது. மேலே காலி. ஆனால் அந்தக் காலியிலும் பாதரச ஆவி கொஞ்சம் இருக்கும். சரி, விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே போவோம். அங்கே ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அணுதான். ஆனால் பெருவெடிப்பின் மிச்ச ஒளித்துகள்கள் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் நானூறுக்குக் குறையாமல் இருக்கின்றன. அவற்றையும் துடைத்து எடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், குவாண்டம் புலங்கள் போவதில்லை; வெளியெங்கும் பரவிக் கிடக்கும் இவற்றின் அசைவுகள்தான் துகள்கள். அந்தப் புலங்களின் விளைவாக, வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால், மின்னேற்றம் இல்லாமலே ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் இயற்பியலாளர் காசிமிர் கணித்தார். 1997-இல் அந்த விசையை நுட்பமாக அளந்தும் விட்டார்கள்.

ஆகவே 'ஒன்றுமில்லாததிலிருந்து பிரபஞ்சம் வந்தது' என்று ஓர் இயற்பியலாளர் சொன்னால், எதை விட்டுவைத்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார் என்று கேட்க வேண்டும். 2012-இல் இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ் இந்த வாதத்தை ஒரு நூலாகவே எழுதினார். துகள்கள் இல்லாத குவாண்டம் புலமும் ஒரு பொருள்தானே, அந்தப் புலமும் அதன் விதிகளும் எங்கிருந்து வந்தன என்று தத்துவ அறிஞர் டேவிட் ஆல்பர்ட் கேட்டார். அந்தச் சண்டையில் நான் ஆல்பர்ட் பக்கம். இயற்பியல் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. அது விடை சொன்ன கேள்வி வேறு, அவ்வளவுதான்.

பூஜ்யத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உதவாது. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் அதற்குக் கணக்கு விதிகள் எழுதினார். அது ஓர் எண். ஒன்றைவிடக் குறைவானது பூஜ்யம் என்பதைத் தேனீக்களுக்கே பழக்க முடியும் என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. தேனீக்குப் புரிந்த பூஜ்யத்தில் பிரபஞ்ச ரகசியம் எதுவும் இல்லை. பௌத்தத்தின் சூனியத்தையும் இதோடு குழப்பக் கூடாது. பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ச்சுனர் சொன்னது, எந்தப் பொருளுக்கும் தன்னந்தனியான சொந்த இயல்பு கிடையாது, எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகிறது என்பது. எதுவுமே இல்லை என்று சொல்வதை அவரே மறுத்தார்.

இனி நமக்கு நன்றாகவே கைவரும் ஒரு விஷயம். 'தரையில் குடம் இல்லை' என்றால் சின்னக் குழந்தைக்கும் புரியும். அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று ஆராயும் இந்திய அளவையியல் இதை அபாவம் என்று பெயரிட்டு நுணுகி ஆராய்ந்தது. வஞ்சி நகரில் மணிமேகலை கேட்கும் சமயவாதங்களில் அளவைவாதி அடுக்கும் அளவைகளிலும், அதாவது அறிவு பெறும் வழிகளிலும், அது ஒன்று. கவனிக்க வேண்டியது, இப்படிப்பட்ட இன்மைக்கு இரண்டு ஒட்டுகள் உண்டு: எது இல்லை, எங்கே இல்லை. குடத்தை எடுத்துவிடலாம், தரை இருக்கும். முழு இன்மையில் தரையும் கிடையாது, 'எங்கே' என்ற கேள்வியும் கிடையாது. குடத்தின் இன்மை புரிகிறது என்பதால் அதுவும் புரிந்துவிட்டது என்று தாவுவது தவறு.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது: மனசில் படம் வரவில்லை, ஆகவே மனிதனுக்குப் புரியவே புரியாது என்று கையை விரித்துவிடுவது. ஆயிரம் பக்கங்கள் கொண்ட ஓர் உருவத்தை யாராலும் மனசில் வரைய முடியாது. ஆனால் அதன் கோணங்களின் கூட்டுத்தொகையைப் பிசகாமல் சொல்லிவிடலாம். கற்பனை வேறு, புரிதல் வேறு என்று காட்ட 1641-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் எடுத்த உதாரணம் இது.

முழு இன்மையும் இந்த ஆயிரம் பக்க உருவம் மாதிரிதானா? இங்கேதான் நிஜமான சர்ச்சை. இல்லை என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பெர்க்சன், 1907-இல். ஒன்று இல்லை என்னும்போதெல்லாம் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துத்தான் சொல்கிறோம். தனித்தனியே எதையும் நீக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒருசேர நீக்கலாம் என்று ஆகாது. 1996-இல் தத்துவ அறிஞர் தாமஸ் பால்ட்வின் இதற்கு எதிர்த்திசையில் வாதிட்டார். எண்ணி முடிக்கக்கூடிய அளவு பொருள்களே உள்ள ஓர் உலகம் இருக்கலாம். அதில் உள்ள எந்த ஒரு பொருளும் இல்லாமல் போயிருக்கலாம். ஒன்று இல்லாமல் போனதால் வேறொன்று முளைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படியானால் ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியையும் கழிக்க என்ன தடை?

பால்ட்வினின் கழித்தல் எனக்குப் பிழையாகப் படவில்லை. ஆனால் அது கழிப்பது குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் இருக்கும் பொருள்களை. எண்களை அது தொடுவதே இல்லை. இடமும் காலமும் விதிகளும் அதே கணக்கில் கழியுமா என்பதையும் அது காட்டவில்லை. எனவே ஒன்றுமே இல்லாததை மனிதனால் புரிந்துகொள்ள முடியுமா என்று யாராவது கேட்டால், எவை இல்லாதது என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். பொருள்கள் மட்டும் என்றால், முடியும். இடம், காலம், விதி, எண் எல்லாமே என்றால், அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிகிறது, அது எவற்றையெல்லாம் விலக்குகிறது என்று பட்டியல் போடவும் முடிகிறது. அந்தப் பட்டியலைத் தாண்டி யாரும் எதையும் பிடித்துக்காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.