தேஞ்சு போன கல்லறை எழுத்தை போட்டோல படிக்கிறது எப்படி

எங்க பாட்டியோட அப்பா கல்லறைல இருக்கிற வருஷம் 1931ஆ 1937ஆன்னு வீட்ல ரொம்ப நாளா சண்டை. போட்டோ எடுத்துட்டு வந்து கான்ட்ராஸ்டை ஏத்து ஏத்துன்னு ஏத்தினேன், கல்லோட சொரசொரப்புதான் பளிச்சுன்னு வந்துச்சே தவிர எழுத்து வரல. ரெண்டு ஞாயித்துக்கிழமை மெனக்கெட்டு பிடிபட்ட வழி இது.

சாஃப்ட்வேர் ஜிம்ப், இலவசம், இதுக்கு அதுவே தாராளம். ஏஐ ஷார்ப்பனர் பக்கம் போயிடாதீங்க, இல்லாத எழுத்தைக்கூட அழகா வரைஞ்சு குடுத்துடும், நாமளும் நம்பிடுவோம்.

போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம். டார்ச்சை பக்கவாட்டுல, வெளிச்சம் கல்லை உரசிட்டுப் போற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க. விழாத நிழலை எந்த எடிட்டிங்கும் கொண்டு வராது. சாக்பீஸ், ஷேவிங் ஃபோம்லாம் தடவ வேணாம், கல்லு கெட்டுடும்.

ஜிம்ப்ல திறந்ததும் கலர்ஸ், காம்போனென்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்போனென்ட் போய் ரெட், அதாவது போட்டோவோட சிவப்பு பங்கை மட்டும், கருப்பு வெள்ளையா பிரிச்சு எடுங்க. மஞ்சப் பாசி படிஞ்சிருந்தா ரெட்ல கல்லோட கல்லா கலந்துடும், ப்ளூல கரும்புள்ளியா நின்னு எழுத்து மாதிரியே ஏமாத்தும்.

நான் வழுக்கி விழுந்த இடம் அடுத்தது. ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஹை பாஸ். சின்னச் சின்ன விவரத்தை மட்டும் வெச்சுட்டு மத்ததை மட்டமாக்கிடுற ஃபில்டர் இது. அதுல ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு ஒரு நம்பர், தானா 4ன்னு இருக்கும். நான் அதை தொடவே இல்ல, வந்தது பூரா மணல் மணலா கல்லுதான். விஷயம் என்னன்னா அந்த நம்பரைவிட ரொம்பப் பெரிசா இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், என் போட்டோல எழுத்துக்கோடு ஒண்ணு 28 பிக்சல் தடிமன், அப்புறம் 4 வெச்சா எங்க நிக்கும்? அதனால மெஷர் டூல்ல ஒரு கோட்டோட அகலத்தை அளந்து, கிட்டத்தட்ட அதே நம்பரை போடுங்க. 200, 300ன்னு போனாலும் தப்பு, டார்ச் பக்கம் வெளுத்தும் அந்தப் பக்கம் இருட்டாவும் அப்படியே நிக்கும். ஹை பாஸுக்கு முன்னாடியே 3 பிக்சல் காஸியன் ப்ளர் (படத்தை லேசா மங்கலாக்குற ஃபில்டர்) குடுத்துட்டா சொரசொரப்பும் அடங்கிடும். கடைசியா கலர்ஸ்ல இருக்கிற லெவல்ஸ்ல ரெண்டு ஓர முக்கோணத்தையும் உள்ள தள்ளுங்க, கருப்பு வெள்ளை வித்தியாசம் கூடிடும், அவ்ளோதான்.

அப்படியும் எனக்கு வந்தது 1931. ஆனா அந்த கடைசி 1 லேசா சாஞ்சிருந்துச்சு, மத்த 1 நேரா நிக்குது. அப்பதான் உறைச்சுச்சு, டார்ச் இடது பக்கம் இருந்தா படுக்கைக்கோட்டுக்கு நிழலே விழாது, வெளிச்சம் அது நீளத்துக்கே ஓடிடும். திரும்பப் போய் ட்ரைபாட்ல கேமராவை அசைக்காம இடது பக்கம் ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு எடுத்தேன். ரெண்டுக்கும் தனித்தனியா மேல சொன்னதை செஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா லேயரா வெச்சு, மேல் லேயர் மோடை டார்க்கன் ஒன்லின்னு மாத்தினா ரெண்டு நிழலும் சேர்ந்துடும். 7ஓட தலைக்கோடு மெல்லிசா, ஆனா முழுசா வந்துச்சு.

அப்டேட்: கட்டம் கட்டமா வருதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. மெசேஜ் ஆப்ல வந்த போட்டோவா இருக்கும், ஃபைல் சைஸைக் குறைக்க ஜேபெக் அமுக்கினதுல வர்ற 8×8 பிக்சல் கட்டத்தையும் ஹை பாஸ் தூக்கிக் காட்டிடும், ஒரிஜினல் ஃபைலை கேட்டு வாங்குங்க. இன்னொருத்தருக்கு எழுத்து குழியா இல்லாம புடைச்சுத் தெரியுதாம், வெளிச்சம் கீழ இருந்து வந்திருந்தா கண்ணு அப்படித்தான் ஏமாறும், கலர்ஸ்ல இன்வெர்ட் ஒரு தடவை அடிச்சா சரியாயிடும்.