ஆண் வழுக்கை மருந்துகள்: டோஸிலும் காலக்கணக்கிலும் நேரும் தவறுகள்

"முதல் வருஷம் நல்லாக் கேட்டுச்சு, அப்புறம் மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு." பினாஸ்டெரைட் மாத்திரை போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை நம்பித்தான் பலர் டோஸைக் கூட்டுகிறார்கள், வேறு மருந்துக்குத் தாவுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றுக்குமே அடியில் இருப்பது கணக்குப் பிழை.

பினாஸ்டெரைட், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. (டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்) என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது. மரபுவழியாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய மயிர்க்கால்களைச் சுருக்குவது அந்த டி.எச்.டி.தான். தினமும் 1 மி.கி. எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. மாத்திரை தொடரும்வரை குறைந்தே இருக்கிறது. உடம்பு இதற்குப் பழகி டி.எச்.டி.யைப் பழைய நிலைக்கு ஏற்றிவிடுவதில்லை. அப்படியென்றால் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ஏன் ஏமாற்றம்?

தலை உச்சியில் முடி மெலிந்த 18 முதல் 41 வயது ஆண்களிடம் நடந்த 5 ஆண்டு ஆய்வின் எண்கள் இதற்கு விடை சொல்லும். ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் தொடக்கத்தில் சராசரியாக 876 முடி இருந்தது. போலி மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு வருடத்தில் 107 முடி, இரண்டு வருடத்தில் 138, ஐந்து வருடத்தில் 277. வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் அப்படிக் கூடுவது மருந்து எடுத்தவர்களின் தலையில் முடி வருடாவருடம் பெருகியதால் அல்ல. அவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் உச்சம் வந்து, பிறகு மெல்ல இறங்கியது. மறுபக்கம் போலி மாத்திரைக்காரர்களின் முடி கொட்டிக்கொண்டே இருந்தது. (ஐந்தாம் வருடம்வரை போலி மாத்திரையில் தங்கியவர்கள் வெறும் 15 பேர். அதனால் 277 என்ற எண்ணைத் துல்லியமான அளவாகப் பிடித்துக்கொள்ளாமல், போக்கைக் காட்டும் எண்ணாக எடுத்துக்கொள்வது நல்லது.) அதே ஆய்வில் புகைப்படத்தை வைத்து மதிப்பிட்டபோது, ஐந்து வருட முடிவில் மருந்து எடுத்தவர்களில் 48 சதவீதத்தினருக்கு முன்னேற்றம், 42 சதவீதத்தினருக்கு மாற்றமில்லை, 10 சதவீதத்தினருக்கு முடி குறைந்தது. போலி மாத்திரையில் குறைந்தவர்கள் 75 சதவீதம்.

ஆக, இன்றைய தலையை மருந்து தொடங்கிய பதினான்காம் மாதப் புகைப்படத்தோடு ஒப்பிடுவதுதான் முதல் தவறு. ஒப்பிட வேண்டியது மருந்தே இல்லாமல் இருந்திருந்தால் இன்று தலை எப்படி இருந்திருக்கும் என்பதோடு. அந்தத் தலையை யாராலும் பார்க்க முடியாது. மருந்தின் பெரும்பகுதி வேலை அங்கேதான் நடக்கிறது. "அப்படியே இருக்கிறது, ஒன்றும் வளரவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்பவருக்கு மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

டோஸைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணம் அடுத்தது. உச்சந்தலைத் தோலில் டி.எச்.டி. எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 0.2 மி.கி.யில் சுமார் 57 சதவீதம், 1 மி.கி.யில் 64, 5 மி.கி.யில் 69. டோஸ் 25 மடங்கு ஏறினாலும் கூடுதலாகக் கிடைப்பது 12 சதவீதப் புள்ளிதான். 1 மி.கி.க்கு மேல் போவதில் முடிக்கு ஆதாயம் மிகச் சொற்பம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இந்த மாத்திரையின் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஆறு மணி நேரம் என்று படித்துவிட்டு, ஒரு மாத்திரையைப் பிட்டுக் காலை மாலை இரண்டு வேளையாகப் போடுகிறார்கள். தேவையே இல்லை. மருந்து ரத்தத்திலிருந்து வெளியேறினாலும் நொதியோடு இறுகப் பிணைந்திருக்கிறது, நிறுத்தினால் டி.எச்.டி. பழைய அளவுக்கு ஏற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே ஒரு நாள் மறந்தால் குடி முழுகிப்போகாது, மறுநாள் இரட்டை டோஸும் வேண்டாம். நாளின் எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் பொருட்டல்ல. ஆனால் "ஒரு மாதம் போட்டு ஒரு மாதம் ஓய்வு" என்ற கணக்கு நிச்சயம் கெடுக்கும். ஒவ்வொரு ஓய்விலும் டி.எச்.டி. முழுதாகத் திரும்பிவிடும். நிரந்தரமாக நிறுத்தினாலோ, மருந்தால் வந்த பலன் 12 மாதத்துக்குள் போய்விடும்.

புராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மி.கி. மாத்திரையை நான்காக வெட்டிப் போடும் பழக்கமும் பரவலானது. கால் துண்டு 1.25 மி.கி. துண்டுகள் சமமாக வராவிட்டாலும், மேலே சொன்ன காரணத்தால் பலனில் பெரிய மாற்றம் இருக்காது. சிக்கல் மாத்திரைத் தூளில் இருக்கிறது. மேலுறை உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது; கருவில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாத்திரை வெட்டும் கருவியைத் தனியாக வைத்துக்கொண்டு, பயன்படுத்தியபின் துடைத்துவிடுங்கள்.

இதே வகை மருந்தான டியூடாஸ்டெரைட்டை "வலுவான பினாஸ்டெரைட்" என்று நினைத்து, அதே வழக்கத்தில் மாற்றிக்கொள்வதும் தவறு. அது நொதியின் இரு வகைகளையும் தடுப்பது, 0.5 மி.கி.யில் ரத்த டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கு மேல் குறைப்பது. தென்கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கு அனுமதித்திருக்கின்றன. அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்கு மட்டுமே அனுமதி. கவனிக்க வேண்டியது அதன் அரை ஆயுள்: ஏறத்தாழ 5 வாரம். பக்கவிளைவு வந்து இன்று நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். ரத்த தானத்துக்குக் கடைசி டோஸிலிருந்து 6 மாதம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். பினாஸ்டெரைட்டுக்கு ஒரு மாதம் போதும்.

தலையில் தடவும் மினாக்சிடிலில் தவறுகள் வேறு ரகம். இங்கே பெரும்பாலும் குறைவாகத்தான் போடுகிறார்கள். 5 சதவீதக் கரைசல் ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. அப்படிப் போட்டால் 60 மி.லி. பாட்டில் சரியாக 30 நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் பாதி டோஸ்தான் போகிறது. பத்து நாளில் தீர்ந்தால் முடியைத்தான் குளிப்பாட்டுகிறீர்கள், தோலை அல்ல. முடியை வகிடு பிரித்து, மெலிந்த பகுதியின் தோலில் விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். தலை காய்ந்திருக்க வேண்டும். போட்டபின் குறைந்தது 4 மணி நேரம் தலைக்குக் குளிக்க வேண்டாம். இரவில் என்றால் படுப்பதற்கு 2 மணி நேரமாவது முன்பே போடுங்கள், இல்லையென்றால் தலையணைதான் மருந்தைக் குடிக்கும். கையைக் கழுவாமல் முகத்தைத் தொட்டால் வேண்டாத இடத்தில் ரோமம் முளைக்கும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிறிதளவு நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து. அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் காரணம் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறிப் பார்க்கலாம்.

தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் முடி அதிகம் கொட்டுவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். ஓய்வில் இருந்த மயிர்க்கால்களை மருந்து மீண்டும் வளர்ச்சிக் கட்டத்துக்குத் தள்ளும்போது, பழைய முடி முதலில் உதிரும். ஆறாவது வாரத்தில் நிறுத்துகிறவருக்கு உதிர்வு மட்டும் மிஞ்சும். குறைந்தது 4 மாதம் பொறுக்க வேண்டும்.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரியது. மினாக்சிடிலோடு பினாஸ்டெரைட்டையும் சேர்த்தபின் "இப்போது மாத்திரை இருக்கிறதே" என்று தடவுவதை விட்டுவிடுகிறார்கள். மினாக்சிடில் டி.எச்.டி.யைத் தொடுவதில்லை, அது தனி வழியில் வளர்த்த முடியை மாத்திரையால் காப்பாற்ற முடியாது. மூன்று நான்கு மாதத்தில் அந்த முடி உதிரும், பழி பினாஸ்டெரைட் மேல் விழும்.

மினாக்சிடிலை மாத்திரையாக விழுங்குவது தடவுவதற்குச் சமமான மாற்று அல்ல. நாளைக்கு 100 மி.கி. தடவினாலும் தோல் வழியே உள்ளே போவது சராசரியாக 1.4 சதவீதம், அதாவது ஒன்றரை மி.கி.க்கும் குறைவு. மாத்திரையோ நேராக ரத்தத்துக்குப் போகிறது. அது முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. கால் வீக்கம், படபடப்பு, உடம்பெங்கும் ரோமம் என எல்லாம் வரலாம். முடிக்காக மருத்துவர்கள் எழுதுவது குறைந்த டோஸ், அதுவும் இதய நிலையைப் பார்த்தபின். தடவும் கரைசலைக் குடிப்பது எந்த நிலையிலும் கூடாது.

பலனை அளப்பதற்கு, குளியலறை வடிகாலில் சேரும் முடியை எண்ணுவது உதவாது. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. 3 மாதத்துக்கு ஒருமுறை, ஒரே விளக்கு, ஒரே தூரம், காய்ந்த தலை, ஒரே முடி நீளம் என்று உச்சந்தலையையும் முன்நெற்றியையும் படமெடுங்கள். பினாஸ்டெரைட்டுக்குத் தீர்ப்பு 12 மாதத்துக்கு முன் வேண்டாம். நெற்றியின் இரு ஓர ஏற்றத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்; மருந்துக்கான ஆதாரம் உச்சியிலும் நடுத்தலையிலும்தான் வலுவானது. வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, காய்ச்சலுக்குப் பிறகு திடீரெனக் கொத்தாகக் கொட்டினாலோ அது வேறு பிரச்சினை. அதற்கு இந்த மருந்துகளை நீங்களாகத் தொடங்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பக்கவிளைவுகளை மறைத்துப் பேசுவதும் ஊதிப் பேசுவதும் ஒரே அளவு கெடுதல். ஓராண்டு ஆய்வுகளில் பாலியல் குறைபாடு சொன்னவர்கள் பினாஸ்டெரைட்டில் 3.8 சதவீதம், போலி மாத்திரையில் 2.1 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகிறது. நிறுத்தியபின்னும் தொடர்வதாகப் புகார்கள் உள்ளன. 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணத்தை இந்த மாத்திரையின் பக்கவிளைவாக உறுதிசெய்தது. மனச்சோர்வு, காரணமில்லாத பதற்றம் என்று ஏதாவது தலைகாட்டினால் டோஸைக் குறைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். பினாஸ்டெரைட்டோ டியூடாஸ்டெரைட்டோ பல மாதம் எடுத்தால் அந்த எண் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அறிக்கையில் 2 என்றிருந்தால் மருத்துவர் அதை 4 என்று எடுத்துப் படிக்க வேண்டும். முடிக்கு மாத்திரை போடுவதை நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அது தெரியும்.