பக்கத்து வீட்டு வேலையில் உங்கள் சுவர் விரிசல் விட்டால்

குமரி மாவட்ட எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பக்கத்து மனைக்கு அஸ்திவாரம் தோண்டும் காண்டிராக்டர் கேரளாவின் பாறசாலைக்காரராக இருந்து, ஜேசிபி ஆட்டிய ஆட்டத்தில் உங்கள் சுவர் பிளந்தால், அங்கே போய் யாரைப் பிடிப்பது என்று விட்டுவிடாதீர்கள். வீடு இருக்கும் எல்லைக்குள், அதாவது குழித்துறை கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம்.

முதலில், அவசரப்பட்டுப் பூசிவிடாதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள்; குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிவைத்தால், அது உடையும்போது விரிசல் இன்னும் வளர்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் சிவில் இன்ஜினியரிடம் காரணத்தையும் செலவையும் எழுதி வாங்குங்கள், கொத்தனாரின் வாய்க்கணக்கு கோர்ட்டில் நிற்காது.

வக்கீல் நோட்டீஸ் பக்கத்து மனைக்காரர், காண்டிராக்டர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் போகட்டும் (ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவார்கள், தெரிந்த கதைதான்). நுகர்வோர் கோர்ட் இதற்கு ஒத்துவராது, காண்டிராக்டரை வேலைக்கு வைத்தது நீங்கள் இல்லையே. என்னைக் கேட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பேசி முடிப்பதே மேல். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே முடிந்ததற்கு அப்பீலும் கிடையாது. இழுத்தடித்தால் 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட்டுவிடுங்கள்.